மான் இல்லை, மரை

ஏப்ரல் மாதம் பிறந்தால் எங்கள் போனுக்கு ஒரே மாதிரி மெசேஜ் வரும். "மச்சான், நுவரெலியாவுக்கு வாறம். மான் எங்க பாக்கலாம்?" மட்டக்களப்பில் இருந்து வரும், யாழ்ப்பாணத்தில் இருந்து வரும், கொழும்பில் எங்களோடு படித்தவர்களிடம் இருந்தும் வரும். மலையில் பிறந்தவர்களுக்கு மலையில் இருப்பதெல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. நாங்களும் விட்டுக்கொடுக்காமல் பதில் போடுவோம்: "அது மான் இல்லடா, மரை. ஹோட்டன் சமவெளிக்குப் போ. விடியக்காலையிலயே போ."

உண்மையைச் சொன்னால், போன வருஷம் வரைக்கும் எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட உயிரோடு ஒரு மரையைப் பார்த்ததில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் நானுஓயாவுக்கும் அம்பேவெலவுக்கும் இடையில் இருக்கிறது. சமவெளியின் வாசலுக்கு வானில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. ஆனால் சனி ஞாயிறு என்றால் தோட்டத்தில் எவரும் டிக்கட் எடுத்துக் காடு பார்க்கப் போவதில்லை. காடு எங்களுக்கு விறகு. அல்லது பன்றி வரும் திசை. போட்டோ எடுக்க வருகிறவர்களின் வான்கள் எங்கள் ரோட்டால் போகும், நாங்கள் ஓரமாக நின்று பார்ப்போம். அவ்வளவுதான்.

அதனால் போன ஏப்ரலில் வந்த மெசேஜுக்குப் பதில் போடும்போது எங்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். "நம்மளே பாக்கல, ஊருக்கெல்லாம் வழி சொல்றோம்." அதில் இருந்து தொடங்கியது இது.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இணையத்தில் தேடும்போதே குழப்பம் வருகிறது. புள்ளிமான் யால, வில்பத்து மாதிரி கீழே இருக்கிற வறண்ட காடுகளில் இருப்பது. அது மேல் மலைக்கு வராது. சமவெளியில் நிற்பது மரை. சிங்களத்தில் கோனா. ஆங்கிலத்தில் சாம்பர். ஆனால் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இதை 'எல்க்' என்றே எழுதினார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற எல்க் பிளேன்ஸ் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். ஐரோப்பாவில் எல்க் என்றால் வேறு மிருகம். கனடாவில் மூஸ் என்று சொல்கிறார்களே, தட்டையான அகலக் கொம்போடு நீண்ட கால்களில் நிற்கும், ஆண் 500 கிலோவைத் தாண்டும், அது. தங்கள் ஊரில் தெரிந்த பெரிய மிருகத்தின் பெயரை இங்கே பார்த்த பெரிய மிருகத்துக்கு வைத்துவிட்டார்கள்.

பெயர் வைத்தவர்கள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டும் நிற்கவில்லை. பேக்கர் நீர்வீழ்ச்சி யாருடைய பெயரில் இருக்கிறதோ அந்த சாமுவேல் பேக்கர், 1840களின் பிற்பகுதியிலும் 1850களிலும் நுவரெலியாவில் இருந்து, நாய்க் கூட்டத்தை விட்டு மரையைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றவர். அதைப் பெருமையாகப் புத்தகமும் எழுதினார். இன்றைக்கும் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று எல்லோரும் செல்ஃபி எடுக்கிறோம். அந்த ஆளைப் பற்றி அங்கே எவரும் கதைப்பதில்லை.

ஆனால் வெள்ளைக்காரரைத் திட்டிவிட்டு நாங்கள் நல்லவர்களாகிவிட முடியாது. ஒருவரும் பார்த்ததில்லை என்று மேலே எழுதினோமே, அதில் 'உயிரோடு' என்ற சொல்லைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். லயத்துக்குப் பின்னால் மேல் லயத்து மாமா போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார். பன்றி வருகிறது என்று காட்டோரத்தில் கம்பிச் சுருக்கு வைத்திருந்தார். ஒரு நாள் விடியும் முன்னமே பின்பக்கத்தில் ஒரு சத்தம். டாங், டாங் என்று தகரத்தில் அடித்த மாதிரி. அப்பாமார் டோர்ச் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களை உள்ளே போகச் சொன்னார்கள். நாங்கள் கதவிடுக்கால் பார்த்தோம். இரண்டு பேர் உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாக்கு வாயில் இருந்து ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெலிந்த, நீளமான கால். கறுத்த குளம்பு. பன்றிக் கால் அப்படி இருக்காது என்று எங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு அந்த லயத்தில் எல்லா வீட்டிலும் கறி. தோட்டத்துச் சம்பளத்தில் இறைச்சி என்பது தீபாவளிக்கு, திருவிழாவுக்கு. "ஸ்கூல்ல போய் ஒண்ணும் பேசக்கூடாது" என்று மட்டும் சொன்னார்கள். நாங்களும் பேசவில்லை. நல்ல ருசியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். அது மரை என்று யாரோ சொன்னது பிறகு எப்போதோ.

ஆக நாங்கள் முதன்முதலில் மரையைப் பார்த்தது சட்டியில்.

போன ஏப்ரலில் மூன்று பேரும் காசு சேர்த்து, தெரிந்த அண்ணன் ஒருவரின் வானைப் பிடித்துக்கொண்டு விடியக்காலை நாலரைக்குக் கிளம்பினோம். அம்பேவெல தாண்டி, பட்டிப்பொல தாண்டி, வாசலுக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் முன்னால் வரிசையாக வான்கள். ஏப்ரல் சீசன். பையைத் திறந்து பொலித்தீன் எல்லாம் எடுத்துவிட்டார்கள். பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்கள். உள்ளே போய் ஃபார் இன் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில் இறங்கினோம். இறங்கிய இடத்திலேயே மரை.

அதுவும் ஒரு ஆண். பெரிய கொம்பு, பக்கத்துக்கு மூன்று முனை. கழுத்தில் சடை. வான் கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு பெரியவர் பாண் நீட்டுகிறார், ஒரு பிள்ளை சிப்ஸ் நீட்டுகிறது, அது வாங்கித் தின்னுகிறது. சுற்றி இருபது போன். எங்களுக்கும் கை சும்மா இருக்கவில்லை. சுற்றிக் கொடுத்த பிஸ்கட்டைப் பிரித்து இரண்டு கொடுத்தோம். உதடு கையில் பட்டது, ஈரமாக, சூடாக. போட்டோ எடுத்தோம். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. இதற்குத்தானா இத்தனை வருஷம் என்று இருந்தது.

அந்த நேரம் அங்கே கடமையில் இருந்த ஒருவர் வந்தார். சிங்களவர், ஆனால் தோட்டத்துப் பக்கம் வேலை பார்த்து நல்ல தமிழ். சத்தம் போடவில்லை. "மல்லி, நங்கி, குடுக்க வேணாம்" என்றார். பிறகு அந்த மரையைக் காட்டி, "இது இப்ப காட்டு மிருகம் இல்ல. கடை வாசல்ல நிக்கிற மாடு மாதிரி. பேக் கண்டா வரும். சாப்பாடு கூட பையையும் சேத்து முழுங்கும். சிப்ஸ் பைக்கு உப்பு வாசம்" என்றார். மரை அசைபோடும் மிருகம், அதன் வயிறு புல்லுக்கும் இலைக்கும் ஆனது. பொலித்தீன் உள்ளே போனால் மாட்டுக்கு நடப்பதுதான் இதற்கும். அது மட்டும் இல்லை, கொம்புள்ள ஆண் மரை மனிதருக்குப் பயப்படாமல் கூட்டத்துக்குள் நிற்பது பிள்ளைகளுக்கும் ஆபத்து.

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உலக முடிவு வரைக்கும் நடந்தோம். ஒன்பதரைக்குப் பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. திரும்பி வரும் வழியில் வானில் ஒருவரும் அதிகம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து, கனடாவில் இருக்கிற எங்கள் வகுப்புத் தோழனுக்கு அந்தப் போட்டோவை அனுப்பினோம். அவன் பதிலுக்கு ஒரு மூஸ் போட்டோ அனுப்பினான். ரொரன்ரோவில் இருந்து வடக்கே மூன்று மணித்தியாலம் ஓடினால் அல்கொன்கின் என்று பெரிய வனப்பூங்கா. அதன் ஊடாக 60ஆம் இலக்க நெடுஞ்சாலை போகிறது. மூஸ் பார்க்க வேண்டுமென்றால் மே, ஜூன் மாதங்களில் விடியக்காலையில் அந்த ரோட்டால் மெதுவாகப் போகச் சொல்வார்களாம். காரணம், பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு கரைந்து ஓரத்துக் கானில் தேங்கி நிற்கும். பனிக்காலம் முழுக்கச் சுள்ளியும் பட்டையும் தின்ற மூஸுக்கு உடம்பில் உப்புக் குறைந்திருக்கும். அந்தத் தண்ணியைக் குடிக்க ரோட்டுக்கு வரும். கார்கள் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், சில நேரம் காரில் அடிபடவும் செய்யும். கறுத்த உடம்பு, இருட்டில் தெரியாது.

அவன் ஒன்று எழுதினான்: "ஜூன் முடிஞ்சா ரோட்டுல நிக்காது மச்சி. தண்ணியில செடி முளைச்சிடும். அப்புறம் குளத்துக்குள்ள இறங்கி தின்னும். அதப் பாக்கணும்னா நடக்கணும், காத்துக்கிடக்கணும்." அதைப் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அங்கேயும் இங்கேயும் லேசாகப் பார்க்கக் கிடைக்கிற இடம் என்பது நாங்கள் எதையாவது கொட்டி வைத்த இடம். அதன் சொந்த இடத்தில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் நேரத்துக்கு நாங்கள்தான் போக வேண்டும்.

அதனால் இந்தப் பெப்ரவரியில் மறுபடியும் போனோம். இந்த முறை கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போனோம். மரை பகலில் காட்டுக்குள் படுத்து அசைபோடும். பின்னேரம் காட்டில் இருந்து வெளியே வந்து பத்தனாப் புல்வெளியில் மேயும். இரவு முழுக்க அங்கேதான். விடிந்து வெயில் ஏற மறுபடியும் உள்ளே. ஆனால் சமவெளிக்கு வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் உலக முடிவுக்காக வருகிறவர்கள். காலையில் வந்து மத்தியானம் இறங்கிவிடுவார்கள். மரை வெளியே வருகிற நேரத்தில் பார்க்க ஆள் இருக்காது. நாங்கள் இரண்டு மணிக்குப் போனோம். எதிரே வான்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

பெப்ரவரி நல்ல மாதம். மழை குறைவு. விடியக்காலையில் புல்லில் உறைபனி விழுந்து வெள்ளையாக இருக்கும், பின்னேரம் வானம் தெளிவாக இருக்கும். மே தொடங்கித் தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால் மழையும் மூட்டமும்தான். மரை அப்போதும் இருக்கும், நமக்குத்தான் தெரியாது.

இந்த முறை உலக முடிவுக்குப் போகவில்லை. நடைபாதை தொடங்கி முதல் கிலோமீற்றருக்குள்ளேயே பள்ளமான இடம் ஒன்று இருக்கிறது. நடுவில் ஓடை, இரண்டு பக்கமும் புல், அதற்கு அப்பால் குட்டை மரக் காடு. பாதையை விட்டு இறங்கக் கூடாது, அதனால் பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தோம். காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரிப் பார்த்து உட்கார்ந்தோம், இல்லாவிட்டால் எங்கள் வாடை முன்னால் போய்விடும். போனைச் சைலண்டில் போட்டோம். கடன் வாங்கிய தொலைநோக்கி ஒன்று இருந்தது. மூன்று மணிக்குக் குளிர ஆரம்பித்தது. நாலு மணிக்கு எங்களில் ஒருவன் "போவமா?" என்றான்.

நாலே முக்காலுக்கு அந்தச் சத்தம். டாங்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. லயத்துக்குப் பின்னால் அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். ஆபத்து என்று நினைத்தால் மரை தன் கூட்டத்துக்குக் கொடுக்கிற சத்தம் அது. சமவெளிச் சிறுத்தைகளுக்கு முக்கிய இரையே மரைதான், அதனால் எப்போதும் ஒரு காது விழித்திருக்கும்.

காட்டோரத்தில் ஒரு பெண் மரை நின்றது. நூற்றைம்பது மீற்றர் இருக்கும். மண்ணிறமும் சாம்பலும் கலந்த நிறம், அசையாவிட்டால் மரம் என்றே நினைப்போம். எங்களைத்தான் பார்க்கிறது. வாலைத் தூக்கி, முன்னங்காலால் நிலத்தைத் தட்டியது. மறுபடி தட்டியது. தொலைநோக்கியில் அந்தக் கால் தெளிவாகத் தெரிந்தது. மெலிந்த, நீளமான கால். கறுத்த குளம்பு.

நாங்கள் அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவர்களால் ஒன்றும் இல்லை என்று நினைத்ததோ என்னவோ, தலையைக் குனிந்து மேயத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இன்னும் சில. பிறகு ஒரு குட்டி. கடைசியாக, சேற்றில் புரண்டு வந்த ஒரு ஆண், கழுத்தெல்லாம் ஈரம். மொத்தம் ஏழு எண்ணினோம். மற்றக் காடுகளில் மரை தனியாக அல்லது இரண்டு மூன்றாகத்தான் திரியும் என்பார்கள், இங்கே திறந்த புல்வெளி என்றபடியால் கூட்டமாக வரும். இருபது நிமிஷம். பிறகு மூட்டம் ஓடையால் ஏறி வந்து ஒவ்வொன்றாக மறைத்தது. ஆறு மணிக்கு முன் வாசலைத் தாண்ட வேண்டும் என்று எழும்பி வந்தோம். போட்டோ ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை.

வந்த அன்று இரவே மேல் லயத்து மாமா வீட்டுக்குப் போனோம். அவருக்கு இப்போது அறுபத்தைந்து இருக்கும். இன்னும் அதே இடத்தில் கிழங்கு போடுகிறார். இன்னும் சுருக்கு வைக்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். பார்த்ததைச் சொன்னோம். "ஏழா? ஒரே இடத்துலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு நாங்கள் சுருக்கைப் பற்றி எடுத்தோம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை மூன்று நாளில் செத்துப்போனதே, அதை ஞாபகப்படுத்தினோம். மலைநாட்டிலேயே அபூர்வமான மிருகம். மரையைப் பிடிப்பது 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்கே குற்றம் என்றும் சொன்னோம்.

மாமா கோபப்படவில்லை. "அதுக்கு வச்சவனும் புலிக்கு வைக்கலப்பா, பன்றிக்குத்தான் வச்சிருப்பான்" என்றார். "கம்பிக்கு பன்றி எது, மரை எதுன்னு தெரியாது. எனக்குத் தெரியாதா? ஆனா ஒரு ராத்திரியில வந்து ரெண்டு மாசத்துக் கிழங்கக் கிளறிட்டுப் போவுது. அத யாரு குடுப்பா? நீங்க குடுப்பீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. வானுக்கும் டிக்கட்டுக்கும் நாங்கள் செலவழித்த காசைக் கணக்குப் பார்த்தால் அவருடைய ஒரு பாத்தி விதைக்கிழங்கு வரும். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த கிழமை மூன்று பேரும் பழைய தகரம் தேடிப் பொறுக்கி, அவர் தோட்டத்தைச் சுற்றி அடித்துக் கொடுத்தோம். அடியில் கல் வைத்து இறுக்கினோம். ஒரு முறை பன்றி கல்லைப் புரட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டது. மறுபடி அடித்தோம். மாமா எங்கள் முன்னால் இரண்டு சுருக்கை அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். இன்னும் எத்தனை காட்டோரத்தில் இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. மற்ற லயங்களிலும் இருக்கும்.

இந்த ஏப்ரலிலும் மெசேஜ் வந்தது. இந்த முறை இப்படி அனுப்பினோம்:

"மான் இல்ல, மரை. சீசன் நேரம் வேணாம், ஏலுமெண்டா ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள வா. உலக முடிவு பாக்க ஒரு நாள், மரை பாக்க வேற ஒரு நாள் வை. பின்னேரம் ரெண்டு மணிக்கு உள்ள போ. வாகனம் நிக்கிற இடத்துல ஒண்டு நிக்கும், அதுக்கு ஒண்டும் குடுக்காத, கெஞ்சினாலும் குடுக்காத. பாதையில நடந்து, ஓடையும் காடும் சேர்ற இடத்துல உக்காரு. குளிர் சட்டை கொண்டு வா. கதைக்காத. வரும். வராட்டி அடுத்த முறை வரும்."

மட்டக்களப்பு நண்பன் ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டிருந்தான். படித்தானோ தெரியாது.

போன கிழமை மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று, வெற்றிலையை மென்றுகொண்டே, "அங்க உள்ள போறதுக்கு டிக்கட் எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னோம். கொஞ்சம் யோசித்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னா வர்றேன்" என்றார்.